தார் காயும்வரை

எங்கள் பிளாக்குக்கு முன்னால் போன வாரம் ரோடு போட்டார்கள். மயூர் விஹாரில் ரோடு போடுவதென்றால் மூன்று நாள் கூத்து. முதல் நாள் ஜல்லி, இரண்டாம் நாள் யார் காரை நகர்த்துவது என்ற சண்டை, மூன்றாம் நாள்தான் தார். டிரம்முக்கு அடியில் நெருப்பு மூட்டியதும் வாசனை நாலாவது மாடிவரை ஏறி வந்துவிட்டது. என் மனைவி ரூபி சன்னல்களைப் படபடவென்று சாத்தினாள். நானோ செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நின்றதோடு விட்டேனா, கண்ணை மூடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். ரோடு போடுகிறவர் பயந்துவிட்டார். "பாபுஜி, தபியத் டீக் ஹை?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பழைய சிநேகிதம் என்றேன்.

"அது என்ன மல்லியப்பூவா, நின்னு மோந்துக்கிட்டு இருக்கிய? மேல வாங்க!" என்று ரூபி மாடியிலிருந்து கத்தினாள்.

ரோடு போடுகிறவருக்கு விஷயம் புரியவில்லை. ரூபிக்குப் புரிந்து நாற்பது வருஷமாகிறது, அதனால் அவளுக்கு அலுத்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கும் தாருக்கும் உறவு ஆரம்பித்தது இந்தி எதிர்ப்புக் காலத்தில். அப்போது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் ஊர் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தை அழிக்கப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒரு கூட்டமாகப் போனோம். நான் குள்ளம். இருந்தாலும் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காகத் தூரிகையை என்னிடம் கொடுத்து, இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அழிப்பதற்கு எதற்கு அழகான கையெழுத்து என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஓரம் பிசகாமல் பூசினேன். பூசிய தாரில் பாதி என் சட்டையில் இருந்தது. அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "இந்தி ஒழிஞ்சுதோ இல்லியோ, சட்ட ஒழிஞ்சுது" என்றாள்.

அப்படிப்பட்ட வீரனுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை கிடைத்தது, அதுவும் டெல்லியில். உத்தரவு வந்த அன்று ஊரே சிரித்தது. நானும் வெட்கமில்லாமல் ரயிலேறினேன். கரோல்பாகில் ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டைமாடியில் ஒற்றை அறை, வாடகைக்குக் கிடைத்தது. ஆபீசில் இந்தி தெரியாதவர்களுக்கென்று அரசாங்கமே வகுப்பு நடத்தியது. வகுப்பு நாளன்று எனக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும். நாலு வருஷத்தில் நான் கற்ற இந்தி, ஆலு, ஆட்டோ, பஸ்ஸில் முன்னே நகரச் சொல்லும் "ஆகே படோ" என்ற அளவுக்குத்தான். எப்படியும் சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடப் போகிறேன், பிறகு எதற்கு என்று இருந்தேன்.

இந்த மாற்றல் விஷயம்தான் முக்கியம். அப்பா இல்லை. அம்மா ஊரில் தனியாக இருந்தாள். சென்னைக்குப் போய்விட்டால் ஊர் ஒரு ராத்திரிப் பயணம். டெல்லியிலிருந்தோ மூன்று பகல் போய்விடும், அதுவும் ரயில் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால். அதனால் ஞாயிறுதோறும் எங்கள் தமிழ்ச் சபை ஆராதனையில், ஜெபக்குறிப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டதும் முதலில் எழுந்திருப்பவன் நான்தான். "சென்னைக்கு டிரான்ஸ்ஃபர்" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். எங்களுக்குச் சொந்தக் கோவில் கிடையாது. காலையில் வேறு சபைகள் ஆராதித்து முடித்த கோவிலில் மாலை ஐந்து மணிக்கு நாங்கள் கூடுவோம். முந்தின சபையார் விட்டுப்போன குடைகளும் கைக்குட்டைகளும் பெஞ்சில் கிடக்கும். மூன்று வருஷம் அந்தச் சபை எனக்காக ஜெபித்தது. டெல்லியில் பிறந்த குழந்தைகளுக்குக்கூட அது மனப்பாடம். ஒருநாள் ஒரு வாண்டு எழுந்து, "கர்த்தாவே, அங்கிளுக்கு டிரான்ஸ்ஃபர் குடுங்க, ஜல்தி!" என்று அவசரப்படுத்தி ஜெபித்தது. சபையே சிரித்து, போதகரும் சிரித்து, ஆமென் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

அந்தச் சபையில்தான் எஸ்தர் இருந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர். என்னை அவள் பிரதர் என்றுதான் கூப்பிடுவாள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது. அவள் பாடும்போது நான் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாக ஒரு வதந்தி உண்டு. அது வதந்தி அல்ல.

ஓர் ஏப்ரல் ஞாயிறு. எஸ்தர் எழுந்து பேசினாள். நகரத்துக்குள் குடிசைகளில் இருந்தவர்களை யமுனைக்கு அக்கரையில் கொண்டுபோய்க் குடியமர்த்தியிருந்த காலம் அது. அவர்களில் இந்தி பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினைந்து இருந்தன. அவர்கள் பழகிய கோவில் இக்கரையில் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்த ஆளில்லை. எஸ்தர் லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் போய்க்கொண்டிருந்தாள். "எனக்கு டியூட்டி மாறி மாறி வரும். வாரம் தவறாம வாறதுக்கு ஒரு ஆளு வேணுமாக்கும்" என்றாள்.

போதகர் எங்கள் வழக்கப்படி, எல்லாரும் கண்களை மூடுங்கள், ஆண்டவர் யாருடைய இருதயத்தில் பேசுகிறாரோ அவர் கையை உயர்த்தட்டும் என்றார். கண்ணை மூடச் சொல்வது எதற்கென்றால், கை தூக்குகிறவன் கூச்சப்படக் கூடாது, தூக்காதவனும் கூச்சப்படக் கூடாது. அருமையான ஏற்பாடு. ஆனால் நான் கண்ணை மூடவில்லை. எல்லாரும் மூடியிருக்கும் நேரம்தானே எஸ்தரைத் தாராளமாகப் பார்க்கலாம்! திரும்பிப் பார்த்தால், அவளும் கண்ணைத் திறந்துகொண்டு, ஒரு கையாவது உயர்கிறதா என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை நேரே என் கண்ணில் வந்து நின்றது. நூறு பேர் கண்ணை மூடியிருக்கும் கோவிலில் திறந்த கண்ணோடு பிடிபட்டவன் வேறு என்ன செய்ய முடியும்? என் கை தானாக மேலே போய்விட்டது.

ஆராதனை முடிந்ததும் அவளிடம் ஓடினேன். "எனக்கு இந்தி வராது சிஸ்டர். வராதுன்னா சுத்தமா வராது."

"வாய் வராதவனத்தான் ஆண்டவரு எப்பவும் கூப்பிடுவாரு பிரதர், கேட்டியளா? அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தார் பூசியவனை டெல்லிக்கு இழுத்தது போதாதென்று, இந்தியில் வேதம் சொல்லிக்கொடுக்கவும் அழைத்திருக்கிறார் என்றால், மேலே ஒருவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

இரும்புப் பாலத்தைத் தாண்டி, பஸ் போகும்வரை போய், பிறகு புழுதியில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். பள்ளி என்றால் நாலு மூங்கில், மேலே ஒரு தகரம். சுவரே கிடையாது. எங்களிடம் ஃபிளானல் பலகை ஒன்று இருந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மரச்சட்டத்தில் பச்சை ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டியிருக்கும். காகிதத்தில் வெட்டிய ஒட்டகம், படகு, சீடர்கள் எல்லாவற்றுக்கும் முதுகில் ஃபிளானல் துண்டு ஒட்டியிருக்கும். துணியோடு துணி ஒட்டிக்கொள்ளும். கதை நகர நகர ஆட்களையும் நகர்த்தலாம். மே மாதம் வீசும் லூ என்ற அனல்காற்றைப் பற்றி மட்டும் அதைக் கண்டுபிடித்தவருக்கு யாரும் சொல்லவில்லை. முதல் லூ அடித்தபோது கடலும் படகும் சீடர்களுமாக மொத்தக் கதையும் எழும்பிப் பறந்தது. பிள்ளைகள் ஹோ என்று கத்திக்கொண்டு துரத்தினார்கள். நானும் துரத்தினேன். எல்லாரையும் பிடித்து எண்ணிப் பார்த்தால் சீடர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாமவரை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைகிறதே என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், ஒருவர் சாய் குடிக்கப் போயிருக்கிறார் என்று சமாளித்தேன்.

என் இந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. கதையைத் தமிழ் எழுத்தில் இந்தியாக எழுதிக்கொண்டு போவேன். எஸ்தர் பஸ்ஸில் திருத்துவாள். மேடு பள்ளத்தில் பேனா குதித்து, திருத்தியதே எனக்குப் புரியாது. ஆண்பால் பெண்பால் குழம்பி, என் சீடர்கள் எல்லாரும் பெண்பிள்ளைகளாகிவிடுவார்கள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டு பிள்ளைகளின் தாய் சாந்தி பின்னால் உட்கார்ந்து கேட்பாள். தெரு பெருக்கும் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் அவளுக்கு உட்கார நேரம். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். ஒருநாள் நான் அவமானத்தில் காகிதத்தை மடித்துவிட்டேன். அவள் எழுந்து, "மாஸ்டர்ஜி, ஆப் கலத் போலியே, ஹம் சஹீ சமஜ் லேங்கே" என்றாள். நீங்கள் தப்பாகவே பேசுங்கள், நாங்கள் சரியாகப் புரிந்துகொள்கிறோம் என்று அர்த்தம். இதைவிட நல்ல சம்மதத்தை என் வாழ்க்கையில் எந்த மேலதிகாரியும் எனக்குக் கொடுத்ததில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு முள். நான் போவது ஆண்டவருக்காகவா, எஸ்தருக்காகவா? அவள் வரும் ஞாயிறுகளில் சட்டைக்கு இஸ்திரி போட்டேன், வராத ஞாயிறுகளில் போடவில்லை. இதற்கு மேல் சாட்சி எதற்கு? வேதத்தில் ஒரு மனிதர், அழைத்தது நீர்தானா என்று தெரிந்துகொள்ள ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, தோல் மட்டும் நனையட்டும், தரை காய்ந்திருக்கட்டும் என்று ஆண்டவருக்கே பரீட்சை வைத்தார். என்னிடம் ஆட்டுத்தோல் இல்லை. பஸ் ஸ்டாப்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் பஸ் வந்தால் அழைத்தது ஆண்டவர், வராவிட்டால் எஸ்தர் என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது நிமிடம் வந்தது. தற்செயலாக இருக்கலாமே என்று அடுத்த ஞாயிறு, பஸ்ஸும் வரவேண்டும், சீட்டும் கிடைக்கவேண்டும் என்றேன். சன்னலோர சீட்டே கிடைத்தது. மூன்றாம் வாரம் பயந்துபோய், பஸ் வரவே கூடாது என்று கேட்டேன். வந்து என் காலடியில் நின்றது. நான் ஏறாமல் முழிப்பதைப் பார்த்து கண்டக்டர், "ஆஜா பையா, ஜல்தி!" என்று அதட்டினார். என்னை அழைத்தவர்கள் பட்டியலில் அவரும் சேர்ந்துகொண்டாரே தவிர, எனக்கு ஒன்றும் தெளியவில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடிற்று. மறுபடி மே மாதம். ஒரு திங்கட்கிழமை செக்ஷன் அதிகாரி என்னை அழைத்து, "முபாரக் ஹோ!" என்று வாழ்த்திக் காகிதத்தை நீட்டினார். சென்னைக்கு மாற்றல். இரண்டு வாரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். அம்மாவுக்குத் தந்தி அடித்தேன். தந்தி ஆபீசிலிருந்து பர்சாத்தி வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

புதன்கிழமை எஸ்தர் ஆபீசுக்கே வந்தாள். எனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டு போனேன். கையில் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை குவைத்தில். வெள்ளிக்கிழமை அவள் ஊருக்கு ரயில். "கட்டாயம் வரணும் பிரதர்" என்றாள். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி, "நீங்களும் போறிய, நானும் போறேன். பின்ன அந்தப் பிள்ளையளுக்கு ஆரு இருக்கா?" என்றாள். நான் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதை மறைப்பானேன்.

ஞாயிறு மதியம் விடைபெற்று வருவோம் என்று அக்கரைக்குக் கிளம்பினேன். மாலையில் சபையில் எனக்காக ஸ்தோத்திர ஜெபம், மூன்று வருஷ ஜெபம் கேட்கப்பட்டதற்காக லட்டுகூட ஏற்பாடு. பஸ்ஸில் என் பிரிவுரையை இந்தியில் ஒத்திகை பார்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை.

கொட்டகையைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. காற்று வரும் பக்கம் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டு, நடுவில் பெரிய தகரப் பலகை ஒன்றை மூங்கிலோடு கட்டி நிறுத்தியிருந்தார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து சாந்தியின் புருஷன் தலையில் சுமந்து வந்ததாம். இனி மாஸ்டர்ஜியின் சீடர்கள் பறக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பலகை நிறையப் பெரிய பெரிய இந்தி எழுத்துகள், ஏதோ பழைய விளம்பரம். சாந்தி ஒரு டப்பாவையும் தூரிகையையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ரோடு வேலை நடந்த இடத்தில் கேட்டு வாங்கிய தார். "மாஸ்டர்ஜி, இந்த எழுத்தையெல்லாம் மறைத்துப் பூசிக் கொடுங்கள். கரும்பலகை ஆகிவிடும். பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுக்கலாமே" என்று இந்தியில் சொன்னாள்.

நான் டப்பாவைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தேன் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தேன். பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். ரயில் நிலையத்தில் இரண்டு பேர் தோளில் ஏறி நின்ற அந்தப் பையனை இத்தனை வருஷமாக ஒருவர் மறக்கவே இல்லை! தூரிகை பிடிக்கத் தெரிந்த பயல் என்று குறித்துவைத்துக்கொண்டு, ரயிலேற்றி, பஸ்ஸேற்றி, கடைசியில் டப்பாவையும் கையில் கொடுத்துவிட்டார். எஸ்தர் அங்கே இல்லை. ஒரு பரீட்சையும் நான் வைக்கவில்லை. அழைத்தது யார் என்று அப்போது எனக்குத் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை.

ஓரம் பிசகாமல் பூசினேன். வழக்கம்போல் பாதி சட்டையில். "காய எத்தனை நாள் ஆகும்?" என்று சாந்தி கேட்டாள். இந்த வெயிலில் ஒட்டிக்கொண்டே கிடக்கும், இரண்டு வாரமாவது ஆகும் என்றேன். "அப்படியானால் காய்ந்த பிறகு எழுதிக் காட்டுவீர்கள்" என்றாள். ஹாங் ஜி என்று தலையை ஆட்டினேன். பிரிவுரை பையிலேயே இருந்தது.

மாலை சபைக்கு வந்து சேரும்போது பாட்டு முடிந்திருந்தது. போதகர் வழக்கம்போல் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, மாற்றலுக்காக ஆண்டவரைத் துதித்து முடித்து, சாட்சி சொல்ல விரும்புகிறவர் கையை உயர்த்தலாம் என்றார். உயர்த்தினேன். முழங்கைவரை கருப்பு. இந்த முறை நான் கண்ணை மூடித்தான் இருந்தேன். சபைதான் தார் நாற்றத்தில் கண்ணைத் திறந்துவிட்டது.

"நான் போகல. டிரான்ஸ்ஃபர் வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப்போறேன்" என்றேன்.

ஓய்வுபெற்ற சூப்பிரண்டு தேவசகாயம் ஐயாதான் முதலில் எழுந்தார். "ஏம்ப்பா, மூணு வருஷம் முழங்கால் தேய ஜெபிச்சிருக்கோம். இப்ப வேண்டாங்கிறான்னு மேல எப்படிச் சொல்றது?" பின்னாலிருந்து அந்த வாண்டு, "அங்கிள், லட்டு கேன்சலா?" என்றது. லட்டு கேன்சல் ஆகவில்லை. கருப்புக் கையை நான் நீட்டக் கூடாதென்று தேவசகாயம் ஐயாவே என் வாயில் போட்டார், திட்டிக்கொண்டே.

அம்மாவுக்கு எழுதினேன். பதினைந்து நாள் கழித்துக் கார்டு வந்தது. "சட்டைய மண்ணெண்ணெய் போட்டு அலசு" என்று ஒரே வரி. அதை இருநூறு தடவையாவது படித்திருப்பேன். கோபமா, ஆசீர்வாதமா என்று கடைசிவரை அவளிடம் கேட்கத் துணிச்சல் வரவில்லை. பிற்பாடு அவள் கண்ணை மூடியபோது நான் போபாலுக்குப் பக்கத்தில் ரயிலில் இருந்தேன். சென்னையில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். அந்த வலி இன்னும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பலகை காய மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் ஏழு ஈக்களும் ஒரு கோழி இறகும் அதில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. சாக்கட்டி வழுக்கியது. அடுப்புக்கரியைத் தேய்த்துச் சரிசெய்தோம். அதில்தான், ஒரு பாலபாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தி எழுத்தைக் கற்றுக்கொண்டேன். பதினோரு வருஷம் போனேன். இடையில் ஊர்ப்பக்கத்து ரூபியைக் கட்டிக்கொண்டேன். அவளும் வந்தாள். ஆண்பால் பெண்பாலில் அவள் என்னைவிட மோசம், அதனால் எனக்குக் கௌரவம் கூடியது.

இப்போது அங்கே நாலு மாடி வீடுகள். கொட்டகை நின்ற இடத்தில் செல்போன் கடை. பலகையைப் பழைய இரும்புக்காரரே திரும்ப வாங்கிப்போய்விட்டார். சாந்தி இல்லை. பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள். குவைத்திலிருந்து எஸ்தரின் கிறிஸ்துமஸ் அட்டைகள் நின்று வெகுகாலமாயிற்று. பதினொரு சீடர்களும் எந்த வீட்டு மாற்றலில் தொலைந்தார்களோ. ஒட்டகம் மட்டும் என் வேதப் புத்தகத்தில் பக்க அடையாளமாகப் படுத்திருக்கிறது.

சபைக்குச் சொந்தக் கோவில் வந்துவிட்டது. சுவரில் பெரிய திரை, குளிர்சாதனம், எல்லாம் அச்சா. டிரான்ஸ்ஃபருக்கு ஜெபிக்கச் சொல்லி இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை. ஊழியத்துக்கு ஆள் வேண்டுமென்றால் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வருகிறது. விருப்பமுள்ளவர் பெயரைச் சேர்க்கலாம், சேர்த்ததை அழிக்கவும் செய்யலாம். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, கையை உயர்த்தச் சொல்லும் வழக்கமே போய்விட்டது. போதகரிடம் கேட்டேன். அது பழைய முறை அங்கிள், நேரமும் இல்லை என்றார். நல்ல பையன், நம் வாண்டுக்கு இப்போது ஆகியிருக்கும் வயதுதான் இருக்கும்.

நேற்று ஆராதனையில் கடைசிப் பாட்டு முடிந்ததும் நானாக ஒரு நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். எல்லாருடைய கண்களும் திறந்துதான் இருந்தன, திரையைப் பார்த்தபடி. யாரும் யாரிடமும் பிடிபடவில்லை.